வளைவில் மட்டும் வாய் மூடும் ஹாரன்: ஒரு ஜீப் ஹாரன் பட்டனைச் சீர்செய்த பதிவு

போடிநாயக்கனூரிலிருந்து பூப்பாறை வழியாக மூணாறு செல்லும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், அடிவாரம் தாண்டியதும் தொடங்கி போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. தேனி மாவட்டத்து ஊர்களிலிருந்து இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் ஜீப்புகள் காலையில் இந்த வளைவுகளில் ஏறி, மாலையில் இறங்குகின்றன. தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் மேட்டில் மஞ்சு இறங்கி, பகலிலேயே முகப்பு விளக்கைப் போட வேண்டிய நிலை வந்துவிடும். எதிரே வரும் வண்டி கண்ணுக்குத் தெரிவதற்கு முன் காதுக்குத் தெரிந்தாக வேண்டிய சாலை இது என்பதால், இங்கே ஹாரன் வேலை செய்யாத வண்டியை பிரேக் பிடிக்காத வண்டிக்கு அடுத்த இடத்தில்தான் வைக்க முடியும்.

பூப்பாறைப் பக்கம் நான் வண்டி எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் இடத்துக்கு வந்தது ஒரு பழைய டீசல் ஜீப். கேரளப் பதிவு எண், ஓட்டுபவர் போடிக்காரர். குறையை அவர் ஒரே வரியில் சொன்னார்: "நேராப் போகையில நல்லா அடிக்குதுண்ணே, வளைவுல ஒடிச்சா மட்டும் வாயை மூடிக்கிருது." இதற்கு முன் வேறொரு இடத்தில் பார்த்தபோது, ஸ்டியரிங் நடுவில் இருக்கும் பட்டனை அப்படியே விட்டுவிட்டு, டாஷ்போர்டில் ஒரு துளையும் போட்டுக்கொடுத்து, அதில் வீட்டு அழைப்பு மணிக்கு வைக்கும் பெல் ஸ்விட்ச் ஒன்றைப் பொருத்திக்கொள்ளுமாறு கூறியிருக்கிறார்கள். பழைய வண்டிகள் பலவற்றில் அந்த வெள்ளை ஸ்விட்ச்சைக் காணலாம். செலவும் குறைவு, வேலையும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் பவர் ஸ்டியரிங் இல்லாத ஜீப்பில் கொண்டை ஊசி வளைவை ஒடிக்கும்போது இரண்டு கைகளும் ஸ்டியரிங் வளையத்தில் இருக்க வேண்டும். இடையில் ஒரு கை கியர் மாற்றவும் போய்வர வேண்டும். அந்த நேரத்தில் டாஷ்போர்டைத் தேடி நீட்டுவதற்கு மூன்றாவது கை யாருக்கும் இல்லை. ஹாரன் பட்டனை வளையத்தின் நடுவில் வைத்தவர்கள் காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள் என்பதால், அதையே சீர்செய்வது என்று நானும் ஓட்டுநரும் முடிவு செய்தோம்.

வேலையைச் சொல்வதற்கு முன் மின்சாரம் போகும் வழியைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஜீப்பில் ரிலே (சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்) கிடையாது. பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து பியூஸ் வழியாக ஹாரனுக்கு நேரடியாக மின்சாரம் எப்போதும் வந்து நிற்கும். ஹாரனின் மறுமுனையிலிருந்து புறப்படும் ஒயர் ஸ்டியரிங் தண்டின் வெளிக்குழாயில் பொருத்தப்பட்ட ஒரு சிறு பிரஷ்ஷில் முடிகிறது. ஸ்பிரிங்கால் தள்ளப்படும் அந்தப் பித்தளை முனை, வளையத்தின் அடிப்புறத்தில் இன்சுலேஷனோடு பதிக்கப்பட்ட பித்தளை வட்டத்தின் மீது உரசிக்கொண்டே இருக்கும். அந்த வட்டத்திலிருந்து மேலே பட்டனுக்குள் இருக்கும் தகட்டுக்கு இணைப்பு உண்டு. பட்டனை அழுத்தும்போது தகடு வளையத்தின் நடு இரும்பைத் தொடும். அங்கிருந்து ஸ்டியரிங் தண்டு, ஸ்டியரிங் பாக்ஸ், வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸ் என்று எர்த் (பேட்டரியின் நெகட்டிவுக்குத் திரும்பும் வழி) கிடைத்து ஹாரன் ஒலிக்கும். சுருக்கமாகச் சொன்னால், பட்டன் ஹாரனுக்கு மின்சாரத்தைக் கொடுப்பதில்லை, எர்த்தைத்தான் கொடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் பட்டன் ஒயரில் பாசிட்டிவைத் தேடிக் குழம்புபவர்கள் உண்டு.

திரும்பும்போது மட்டும் ஹாரன் நின்றுபோவதற்கு இரண்டு பெரிய காரணங்கள் இருக்கலாம், அவற்றைப் பிரித்தறிவதற்கு மீட்டர்கூடத் தேவையில்லை. முன்சக்கரங்களை ஜாக்கியில் தூக்கிவிட்டு, பட்டனை அழுத்திப் பிடித்தபடி வளையத்தை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை மெதுவாகச் சுற்ற வேண்டும். ஒரு பக்கம் முழுவதுமாக ஒடித்த நிலையில் மட்டும் ஒலி நின்றால், ஒயர் எங்கோ இழுபட்டு அறுந்திருக்கிறது அல்லது நசுங்கியிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு சுற்றிலும் வளையம் ஒரே கோணத்துக்கு வரும்போதெல்லாம் நின்று, அதைக் கடந்ததும் மீண்டும் ஒலித்தால் குறை பித்தளை வட்டத்தில் இருக்கிறது. இந்த ஜீப்பில் இரண்டாவது வகையே தெரிந்தது: நேராக இருந்த நிலையிலிருந்து இடப்பக்கம் முக்கால் சுற்றை நெருங்கும்போது ஒலி கம்மி, பிறகு அடங்கி, இன்னும் கொஞ்சம் திருப்பியதும் திரும்ப வந்தது. அடுத்த சுற்றிலும் அதே இடத்தில் அதே கதைதான்.

ஆனால் நேராக இருந்த நிலையிலும் ஒலி திருப்தியாக இல்லை. தொண்டை கட்டியது போன்ற ஒலி. எனவே மல்டிமீட்டரை எடுத்தேன். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஹாரன் சுற்றில் ஓம் அளவையும், இணைப்பு இருந்தால் மீட்டர் ஒலியெழுப்பும் 'பீப்' சோதனையையும் நம்பக் கூடாது. சில பத்து ஓம் தடை இருந்தாலும் பல மீட்டர்கள் 'பீப்' அடித்துவிடும். ஹாரனைக் கெடுப்பதற்கோ அரை ஓமே போதும். சாதாரண மீட்டரின் ஒயர்களுக்குள்ளேயே அதில் பாதி தடை இருக்கும். ஆகவே ஹாரன் ஒலித்துக்கொண்டிருக்கும்போது, ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கங்களுக்கும் இடையே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று அளப்பதே சரியான வழி. ஹாரனுக்குள் தொடர்பு நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை விட்டுவிட்டு வருவதால் மீட்டரின் எண் சற்று ஆடும். ஆட்டத்தின் நடு மதிப்பை எடுத்துக்கொள்ளலாம்.

எஞ்சினை நிறுத்திவிட்டு, உதவிக்கு இருந்த தம்பியைப் பட்டனை அழுத்தச் சொல்லி அளந்தபோது பேட்டரி முனைகளில் 12.3 வோல்ட் இருந்தது. ஹாரனின் இரு முனைகளுக்கு இடையே 8.7 வோல்ட்தான். மீதி 3.6 வோல்ட் வழியிலேயே தொலைந்திருந்தது. பாசிட்டிவ் பக்கத்து ஒயரிலும் பியூஸ் கிளிப்பிலுமாக 0.5, பிரஷ்ஷுக்கும் வட்டத்துக்கும் இடையே 1.3, பட்டனுக்குள் தகடும் இரும்பும் தொடும் இடத்தில் 1.1, வளைய நடுவிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை எர்த் வழியில் 0.7 என்று கணக்கு ஒத்துப்போனது. சுற்றில் ஓடிய மின்சாரம் சுமார் 6 ஆம்பியர். அப்படியானால் வழியில் மொத்தம் 0.6 ஓம் தடை. வீணான மின்திறன் 21 வாட்டுக்கு மேல். இண்டிகேட்டர் பல்பு ஒன்றை எரிக்கப் போதுமான இந்தத் திறன் முழுவதும் வெப்பமாகிக்கொண்டிருந்தது, அதிலும் ஒரு பங்கு ஓட்டுநரின் உள்ளங்கைக்குக் கீழே. இதற்கு வித்திட்டது எது என்பது முன்பக்க கிரில்லைப் பார்த்ததும் விளங்கியது. முதலில் ஒரே ஹாரன் இருந்த வண்டியில், ஒலி போதவில்லை என்று இரண்டாவது ஒன்றை அதே ஒயரில் சேர்த்திருந்தார்கள். 4 ஆம்பியர் அளவுக்கு வைத்த பட்டன் அதைப் போல் ஒன்றரை மடங்கு சுமையைச் சுமக்க வேண்டியிருந்தது.

பேட்டரியின் எர்த் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் பிரிக்கத் தொடங்கினேன். பட்டனின் கறுப்பு மூடியை உள்ளே அழுத்தி இடப்பக்கம் திருப்பியதும் அது கையோடு வந்தது. அதற்குள் கூம்பு வடிவ ஸ்பிரிங், பித்தளைத் தகடு, மின்சாரம் கடத்தாத பைபர் வாஷர் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. எந்த வரிசையில் எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று கைப்பேசியில் படமெடுத்துக்கொள்வது நல்லது, ஏனெனில் வாஷர் இடம் மாறினால் பேட்டரியை இணைத்த நொடியில் ஹாரன் நிற்காமல் அலறத் தொடங்கும். பிறகு நடு நட்டைத் தளர்த்தி, தண்டிலும் வளையத்திலும் நேருக்கு நேராகப் பஞ்ச்சால் ஒரு புள்ளி வைத்தேன். இதைச் செய்யாவிட்டால் மாட்டும்போது ஒரு பல் தள்ளிப்போய், வண்டி நேராக ஓடும்போது வளையம் கோணலாக நிற்கும். வளையத்தை, அதைப் பிடித்து மேலே இழுக்கும் புல்லர் கருவியை வைத்துத்தான் எடுக்க வேண்டும். தண்டின் தலையில் சுத்தியலால் அடித்துக் கழற்றும் வழக்கம் நம் பக்கம் பரவலாக இருக்கிறது. அந்த அடி முழுவதும் ஸ்டியரிங் பாக்ஸின் பேரிங்குகளில் போய் இறங்கும் என்பதை அடிப்பவர்கள் நினைப்பதில்லை.

வளையத்தைத் திருப்பிப் பார்த்ததும் வளைவில் வாய் மூடியதன் காரணம் கண்ணெதிரே இருந்தது. பித்தளை வட்டத்தைப் பிடித்திருந்த ரிவெட்டுகளில் ஒன்று தளர்ந்து, அந்தப் பகுதி உள்வாங்கிச் சாய்ந்திருந்தது. வட்டத்தின் மற்ற பகுதிகளில் பிரஷ் உரசிய பள்ளம் பளபளப்பாக இருக்க, சாய்ந்த பகுதியில் மட்டும் கிரீசும் பித்தளைத் தூளும் கலந்த கரிய பசை காய்ந்து ஒட்டியிருந்தது. பிரஷ் அங்கே நெடுநாளாகச் சரியாகத் தொடவேயில்லை என்பதற்கு அந்தப் பசையே சாட்சி. பிரஷ்ஷின் ஸ்பிரிங்கும் துருப்பிடித்துச் சோர்ந்து போயிருந்ததால், பள்ளத்தை எட்டும் அளவுக்கு முனையைத் தள்ள அதற்குத் தெம்பு இல்லை.

ரிவெட்டை அடியில் தாங்கு கொடுத்து மெதுவாகத் தட்டி இறுக்கினேன். வட்டத்தைப் பெட்ரோலில் நனைத்த துணியால் துடைத்து, முதலில் 400, பிறகு 800 எண் எமரி பேப்பரைத் தட்டையான மரக்கட்டையில் சுற்றித் தேய்த்தேன். விரலால் அழுத்தித் தேய்த்தால் பள்ளம் இன்னும் ஆழமாகுமே தவிர மேடு குறையாது. தேய்த்து முடித்ததும் சமதளக் கண்ணாடி ஒன்றின் மேல் இரும்பு ஸ்கேலை நிறுத்தி, சுற்றிலும் நான்கு இடங்களில் வட்டத்தின் உயரம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்தேன். பிரஷ்ஷுக்குப் பழைய ஸ்பிரிங்கை இழுத்து நீட்டிப் போடுவது சிலர் வழக்கம். நீட்டிய ஸ்பிரிங் சில வாரங்களில் பழைய நீளத்துக்கே திரும்பிவிடும். போடியில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் கடையில் சிறிய கார்பன் பிரஷ் ஒன்று ஸ்பிரிங்கோடு கிடைத்தது. அதை அரத்தால் தேய்த்துப் பழைய கூட்டுக்குள் தடையில்லாமல் ஏறி இறங்கும்படி செய்தேன். கார்பனுக்குப் பித்தளையைவிடத் தடை அதிகம்தான்; ஆனால் அடுத்துச் சொல்லப்போகும் மாற்றத்துக்குப் பிறகு அது பொருட்டில்லை, வட்டமும் குறைவாகத் தேயும்.

பட்டனின் தகட்டில் தீப்பொறி தின்ற குழி ஒன்று சீரகத்தின் அளவில், நடுவில் கறுத்தும் ஓரத்தில் மேடு தட்டியும் இருந்தது. அதை ஒட்டியிருந்த பைபர் வாஷர் சூட்டில் பழுப்பேறியிருந்தது. மேட்டை மட்டும் மெல்லிய அரத்தால் நீக்கி, எமரியால் மெருகேற்றி, தகட்டைச் சற்றுச் சுழற்றி வைத்தேன். இனி குழியில்லாத இடம் இரும்பைத் தொடும். இரும்புப் பக்கத்தில் இருந்த கரியையும் சுரண்டினேன். வாஷரைப் புதிதாக பைபர் ஷீட்டிலிருந்து வெட்டிப் போட்டேன். அழுத்தாத நிலையில் இடைவெளி 2 மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கட்டும் என்று விட்டேன். அதற்கும் குறைந்தால் தோட்டப் பாதையின் கல்லிலும் குழியிலும் வண்டி குலுங்கும்போது ஹாரன் தானாகவே கூவும். கூடினால் மலை ஏறி முடிப்பதற்குள் கட்டைவிரல் வலிக்கும். கூம்பு ஸ்பிரிங் நல்ல நிலையில் இருந்ததால் அதை மாற்றவில்லை.

இதோடு நிறுத்தியிருந்தாலும் ஹாரன் சில மாதங்கள் நன்றாக ஒலித்திருக்கும். ஆனால் இரண்டு ஹாரன்களின் முழுச் சுமையும் பட்டன் வழியாகவே போய்க்கொண்டிருக்கும்வரை அந்தக் குழி மீண்டும் விழத்தான் செய்யும். ஆகவே ஒரு ரிலேயைச் சேர்த்தேன். கடைகளில் எளிதாகக் கிடைக்கும் 12 வோல்ட், 30 ஆம்பியர், நான்கு கால் ரிலே போதும். 30 என்ற எண்ணிட்ட காலுக்குப் பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் பியூஸ் வழியாக வரும் ஒயர்; 87 என்ற காலிலிருந்து இரண்டு ஹாரன்களுக்கும் போகும் ஒயர்; 86 என்ற காலுக்கு அதே பியூஸுக்குப் பின்னாலிருந்து ஒரு கிளை; 85 என்ற காலுக்கு, முன்பு ஹாரனிலிருந்து பிரஷ்ஷுக்குப் போன பழைய ஒயர். ஹாரன்களின் மறுமுனைகளைப் பட்டனுக்கு அனுப்பாமல், பெயிண்ட் சுரண்டிய சேஸிஸ் போல்ட் ஒன்றில் தனி ஒயரால் எர்த் செய்தேன். இப்போது பட்டன் ஓட்டுவது ரிலேக்குள் இருக்கும் காந்தச் சுருளை மட்டுமே, அது எடுத்துக்கொள்வது 0.15 ஆம்பியர் அளவுதான். பழைய 0.6 ஓம் தடை அப்படியே இருந்திருந்தாலும் இனி தொலையக்கூடியது 0.09 வோல்ட். ஸ்டியரிங் பேரிங் வழியாக 6, 8 ஆம்பியர் எர்த் தேடிப் போவதும் நின்றது, அது எனக்குத் தொடக்கத்திலிருந்தே பிடிக்காத ஏற்பாடு.

ரிலே போட்டால் பட்டனைச் சுத்தம் செய்யவே வேண்டாம் என்று சிலர் கூறுவது பாதி உண்மைதான். அதிக மின்சாரம் ஓடும்போது தொடு இடத்தில் படியும் மெல்லிய களிம்பைத் தீப்பொறியே எரித்துவிடும். குறைந்த மின்சாரத்தில் அது நடக்காது. மஞ்சும் மழையும் ஆண்டின் பாதி நாள் சூழ்ந்திருக்கும் ஊரில் பித்தளை விரைவில் பச்சை பூக்கும். ஆகவே தேய்த்த இடங்களைச் சுற்றி வாஸ்லின் மிக மெல்லிதாகத் தடவினேன். தொடும் முகத்தின் மீது அல்ல, அதன் ஓரங்களில்.

ரிலே சுருளுக்குக் குறுக்கே மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் 1N4007 டையோடு ஒன்றையும் பற்றவைத்தேன். பட்டனை விடும் கணத்தில், சுருளில் தேங்கியிருக்கும் காந்த ஆற்றல் வெளியேற வழியின்றி எதிர்த்திசையில் நூறு வோல்ட்டுக்கு மேலும் எகிறும். அந்தப் பொறிதான் பட்டனின் தகட்டை மெல்ல மெல்ல அரிக்கும். டையோடு இருந்தால் அந்த ஆற்றல் சுருளுக்குள்ளேயே சுழன்று அடங்கிவிடும், பட்டனில் பொறி தெரியாது. டையோடின் வெள்ளைக் கோடுள்ள முனை 86இன் பக்கம், அதாவது பாசிட்டிவ் பக்கம் இருக்க வேண்டும். மாறிப்போனால் பட்டனை அழுத்திய உடனேயே டையோடோ பியூஸோ போய்விடும். டையோடு உள்ளேயே பொருத்திய ரிலேக்களும் கிடைக்கின்றன. அவற்றில் 85, 86 கால்களை மாற்றிப் போடவே கூடாது.

ஹாரனுக்குப் போகும் ஒயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர், பட்டன் பக்கத்துக்கு 1 சதுர மில்லிமீட்டர் எடுத்தேன். ரிலேயை எஞ்சின் அறையின் பின்சுவரில், கால்கள் கீழ்நோக்கி இருக்குமாறு பொருத்தினேன். மேல்நோக்கி வைத்தால் பானெட் இடுக்கில் வடியும் தண்ணீர் நேராகக் கால்களுக்குள் இறங்கும். தகட்டைத் துளைத்து ஒயர் போகும் இடத்தில் ரப்பர் குரோமெட் போட்டேன். பட்டன் ஒயரின் தோல் எங்காவது உரசிப் பிய்ந்து பாடியைத் தொட்டால், அதுவே பட்டனை அழுத்தியதற்குச் சமம். நள்ளிரவில் நிறுத்திய வண்டி தானாகக் கத்துவது பெரும்பாலும் இதனால்தான்.

எல்லாம் மாட்டிய பின் அளந்தபோது, பேட்டரியில் 12.3 வோல்ட் இருக்கையில் ஹாரன் முனைகளில் 12.0 வோல்ட் கிடைத்தது. ஹாரன்களின் பின்னாலிருக்கும் திருகை அதன் பிறகுதான் தொட்டேன். ஒலி கம்மினால் முதல் வேலையாக அந்தத் திருகைத் திருப்புவது பலரின் பழக்கம். அந்தத் திருகு ஹாரனுக்குள் விட்டுவிட்டுத் தொடும் பாயிண்ட் பிரியும் தருணத்தை மாற்றுகிறது. 8.7 வோல்ட்டுக்கு ஏற்றபடி அதைத் திருகிவிட்டு, பிறகு 12 வோல்ட் கொடுத்தால் ஹாரன் அளவுக்கு மீறிய மின்சாரத்தை இழுத்து பாயிண்ட்டைத் தீய்த்துக்கொள்ளும். அம்மீட்டரைத் தொடரில் வைத்து, கால் சுற்றுக்கு மேல் போகாமல், ஒலி தெளிந்தும் மின்சாரம் ஒரு ஹாரனுக்கு 4 ஆம்பியரைத் தாண்டாமலும் இருக்கும் இடத்தில் நிறுத்தினேன்.

இவ்வளவு வேலைக்குப் பதில் காற்று ஹாரன் ஒன்றை வைத்துவிடலாமே என்று ஓட்டுநர் இடையில் கேட்டார். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின் 119ஆம் விதி, பல சுருதிகள் அடுத்தடுத்து ஒலிக்கும் ஹாரன்களையும் காதைத் துளைக்கும் ஒலி எழுப்புபவற்றையும் தடை செய்கிறது; தகுதிச் சான்றுக்குப் போகும்போது ஹாரனையும் பார்ப்பார்கள். விதி ஒருபுறம் இருக்கட்டும், மலை வளைவில் காற்று ஹாரனின் ஒலி பாறைகளில் மோதி எதிரொலித்து, வண்டி மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா என்பதையே மறைத்துவிடுகிறது. 400 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒரு கட்டைக்குரலும் 500ஐ ஒட்டிய ஒரு கீச்சுக்குரலும் சேர்ந்த சாதாரண இரட்டை ஹாரன், முழு வோல்ட் கிடைத்தால் இந்தச் சாலைக்குத் தாராளமாகப் போதும்.

கடைசிச் சோதனைக்கு வண்டியைப் போடிமெட்டுக்குக் கீழே இறக்கி, கொண்டை ஊசி வளைவுகளில் முழுவதும் ஒடித்த நிலையிலும் நடுக்கோணங்களிலும் பட்டனை அழுத்திப் பார்த்தோம். எந்தக் கோணத்திலும் ஒலி தடைபடவில்லை. கீச்சுக்குரல் ஹாரனில் அதிர்ந்து ஒலி எழுப்பும் டயப்ரம் தகட்டின் ஓரத்தில் துரு கண்டிருக்கிறது. இந்தப் பருவத்து ஏலக்காய் எடுப்பு முடிந்து வண்டிக்கு ஓய்வு கிடைக்கும்போது அதை மட்டும் மாற்றிக்கொள்ளும்படியும், மழை தொடங்குவதற்கு முன் ஆண்டுக்கு ஒருமுறை பட்டன் மூடியைக் கழற்றித் தகட்டைத் துடைக்கும்படியும் ஓட்டுநரிடம் சொல்லியிருக்கிறேன். டாஷ்போர்டில் இட்ட துளைக்கு ஒரு ரப்பர் அடைப்பு போட்டாயிற்று.